‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று கேட்டால் என்ன ஆகும்

நெருங்கிய ஒருவர் சில வாரங்களாகச் சரியில்லை. அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘உம்’, ‘சரி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒருநாள் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, ‘நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்கிறார். உள்ளே சுருக்கென்கிறது. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வருகிறது. ஆனால் ‘அப்படியெல்லாம் பேசாதே’ என்று அடக்கிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறோம்.

கேட்காமல் விடுவதற்குக் காரணம் அன்பின்மை இல்லை, பயம்தான். அவர் மனதில் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம். இந்தப் பயம் சரியா என்று ஆராய்ச்சியாளர்கள் பலமுறை சோதித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட 13 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2014-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டதால் அந்த எண்ணம் கூடியதற்கு அதில் சான்று எதுவும் இல்லை. கேட்கப்பட்டவர்களுக்குச் சற்று இளைப்பாறுதல் கிடைத்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகளே தென்பட்டன. மனதில் அந்த எண்ணம் இல்லாதவர் ‘சேச்சே, அப்படி ஒண்ணும் இல்லை’ என்பார். இருப்பவருக்கோ, தனியாகச் சுமந்த ஒன்றை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. ‘நீ முட்டாள்தனமா எதுவும் யோசிக்கலையே?’ என்பது கேள்வியே இல்லை. ‘இல்லை’ என்ற பதிலைக் கையில் திணித்துவிட்டுத்தான் அது கேட்கப்படுகிறது. ‘ரொம்பக் கஷ்டப்படுறேன்னு தெரியுது. செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்க வேண்டும். சுற்றி வளைத்தால், அந்தச் சொல்லைக் கேட்கவே நமக்குத் தெம்பில்லை என்று எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். நம்மைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்வார்.

2021-ல் மட்டும் உலகில் ஏறக்குறைய 7 லட்சத்து 27 ஆயிரம் பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கான காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான மரணங்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் நிகழ்கின்றன. மனச்சோர்வு பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள் அதிகம். பல ஆண்களிடம் சோர்வு அழுகையாக வெளிவருவதில்லை. எரிச்சலாகவும், குடியாகவும், ஓயாத வேலையாகவும் வருகிறது. அதனால் சுற்றியிருப்பவர்களின் கண்ணுக்கு அது நோயாகத் தெரிவதே இல்லை.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது வரும் படபடப்புக்கும் ‘மன அழுத்தம்’ என்கிறோம், மாதக்கணக்கில் ஒருவரைப் படுக்கையோடு கட்டிப்போடும் நோய்க்கும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். முன்னது தேர்வு முடிந்ததும் போய்விடும். பின்னது விடுமுறை எடுத்தாலும் கூடவே வரும். இந்தக் கட்டுரையில் அதை மனச்சோர்வு என்றே சொல்கிறேன். அந்தச் சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் தீர வேண்டும் அல்லவா?

மருத்துவர்கள் பார்ப்பது ஒன்பது அறிகுறிகளை. நாள் முழுக்க மனம் கனத்திருப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கம் மிகக் குறைவது அல்லது மிகக் கூடுவது, பசி மிகக் குறைவது அல்லது மிகக் கூடுவது, அசதி, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தன்னைத் தகுதியற்றவராக நினைப்பது, கவனம் சிதறுவது, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரங்களாக, ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு வாரம் என்பது கவனத்தில் நிற்கட்டும். ‘தானாச் சரியாயிடும்’ என்று இரண்டு ஆண்டுகள் காத்திருப்பவர்கள் நிறைய. தைராய்டு குறைபாடு போன்ற உடல்நோய்களும் இதே முகத்தோடு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

பட்டியலில் வராதது ஒன்று உண்டு. எனக்கும் இந்த நோய் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். பல் துலக்க எழ வேண்டும் என்று நினைத்தபடி கட்டில் விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த காலைகள் உண்டு. சோம்பேறித்தனம் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். என்னை அதைவிடக் கேவலமாகத் திட்டிக்கொண்டிருந்தது நான்தான். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். அந்த நேரத்தில்தான் எல்லாமே மிக மோசமாகத் தெரியும். மாலையில் கொஞ்சம் இளகும். நண்பர்கள் மாலையில் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கே’ என்பார்கள். காலைக்கும் மாலைக்கும் இப்படி வேறுபாடு இருப்பது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால், விடியற்கால நினைப்புகளை அவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

நல்லதை நினைத்துக்கொள் என்று சொல்வது ஏன் பலிப்பதில்லை? பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1980-களில் கவனித்த ஒன்று இதற்கு விடை தருகிறது. தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி வாழ்வில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொல்லும்படி கேட்டார்கள். ‘மகிழ்ச்சி’ என்றால், ஒரு மதியம், ஓர் இடம், ஒரு முகம் என்று மற்றவர்களுக்குச் சட்டென்று நினைவு வந்தது. இவர்களுக்கோ ‘நண்பர்களோடு இருந்தபோது’ என்று மொத்தமாகத்தான் வந்தது. நல்ல நாள்கள் நடக்காமல் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் வழி அடைபட்டிருந்தது. இதற்கு முன் ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்று நினைவுக்கு வராவிட்டால் இப்போதைய சிக்கலுக்கும் வழி தெரியாது. வெளியே நிற்பவருக்குப் பத்துக் கதவுகள் தெரியும்போது உள்ளே இருப்பவருக்கு ஒன்றே ஒன்று தெரிவது இதனால்தான்.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1958-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்த அவர், தற்கொலையின் அடியில் இருப்பது தாங்க முடியாத மனவலி என்றார். தற்கொலைக்குத் துணிபவர் தேடுவது சாவை அல்ல, வலி நிற்பதை. இரண்டும் ஒன்றேபோலத் தெரிகிற அளவுக்குப் பார்வை குறுகிப்போயிருக்கிறது. கடைசிக் கணம்வரை பிழைக்கும் ஆசையும் சாகும் ஆசையும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கும் என்றும் அவர் வலியுறுத்தினார். தாமஸ் ஜாய்னர் என்ற ஆய்வாளர் 2005-ல் முன்வைத்த கோட்பாடு இன்னும் ஒன்றைச் சேர்க்கிறது: தான் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பாரம் என்ற நம்பிக்கை. ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்ற வாக்கியத்தை மிரட்டல் என்றோ நாடகம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். அதைச் சொல்பவர் அதை உண்மை என்றே நம்புகிறார். சுயநலம் என்று ஊர் பேசும் ஒன்று, அவர் கணக்கில் மற்றவர்களுக்குச் செய்யும் நன்மையாகத் தெரிகிறது. அந்தக் கணக்கு தப்பு. ஒரு தற்கொலை மரணம் தெரிந்தவர், பழகியவர் என்று ஏறக்குறைய 135 பேரைத் தொடுகிறது என்று 2018-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது.

நேரம் என்ற மருந்து

இந்த விஷயத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை கொடுத்தது ஓர் ஆஸ்திரிய ஆய்வு. தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 82 பேரிடம், அந்த எண்ணம் முதலில் வந்ததற்கும் முயற்சிக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னது பத்து நிமிடம் அல்லது அதைவிடக் குறைவு. துன்பம் நெடுங்காலமாக இருந்திருக்கலாம். உயிருக்கு ஆபத்தான அந்த உச்சம் மட்டும் சிறியது. எழும், உச்சிக்குப் போகும், வடியும்.

வடிந்த பிறகு? எப்படியும் இன்னொரு நாள் செய்துகொள்ளத்தான் போகிறார் என்று பலர் கைவிரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் இதைத்தான் சோதித்தார். 1937 முதல் 1971 வரை, தற்கொலை செய்யப் போன இடத்தில் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று தேடினார். 1978-ல் அவர் வெளியிட்ட முடிவு: 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயல்பான காரணங்களால் காலமாகியிருந்தார்கள். தடுத்தவர்கள் அவர்களின் பிரச்சினையைத் தீர்த்துவைக்கவில்லை. கடனை அடைக்கவில்லை, பிரிந்தவரைச் சேர்த்துவைக்கவில்லை. நேரம் வாங்கிக் கொடுத்தார்கள்.

தற்கொலைத் தடுப்பின் பெரும்பகுதி இந்த நேரத்தை வாங்குவதுதான். ஆபத்தான பொருளுக்கும் ஆளுக்கும் இடையில் தூரம் கூடினால் நேரம் கூடும். ஒருவழி அடைபட்டால் வேறு வழி தேடுவார் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுள்ள வேளாண் மருந்துகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு சரிந்தது. மக்களின் துயரம் 70 விழுக்காடு குறைந்துவிடவில்லை. வீட்டுக்கும் இதே கணக்குதான். ஒருவர் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால், உயிருக்கு ஊறு செய்யக்கூடிய எதுவும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. மருந்து மாத்திரைகளை வேறொருவர் வைத்துக்கொள்ளலாம். அவரிடம் சொல்லிவிட்டே செய்யலாம். ‘இது கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்’ என்றால் போதும். ஒளித்து வைப்பதைவிட அது மரியாதையானது.

பலரும் செய்யும் ஒன்று சத்தியம் வாங்குவது. ‘என் மேல ஆணையா அப்படிச் செய்ய மாட்டேன்னு சொல்லு.’ கேட்பவருக்கு அன்றிரவு தூக்கம் வரும். கொடுத்தவருக்கு ஒரு பாரம் கூடும். எதைச் செய்யக் கூடாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த உச்சம் வரும்போது எதைச் செய்வது என்று சொல்வதில்லை. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் இந்த ஓட்டையை அடைக்கிறது. நன்றாக இருக்கும் நேரத்தில், சொந்தக் கையெழுத்தில், ஒரே தாளில் எழுதிக்கொள்வது. எனக்கு நிலைமை மோசமாகிறது என்பது எப்படித் தெரியும். அப்போது தனியாக என்ன செய்யலாம். எங்கே, யாரோடு போய் இருந்தால் கவனம் திரும்பும். யாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம். எந்த மருத்துவருக்கு, எந்த எண்ணுக்கு அழைக்கலாம். வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தோடு தொலைபேசித் தொடர்பும் கொடுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறக்குறைய 45 விழுக்காடு குறைவாக இருந்தன. அந்தத் தாள் என் பணப்பையில் இருக்கிறது. மூளை யோசிக்க மறுக்கும் நேரத்தில், முன்பே யோசித்து வைத்ததைப் படித்தால் போதும்.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால்

பதறக் கூடாது. உபதேசமும் வேண்டாம். ‘உனக்கென்ன குறை?’, ‘பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா?’ என்பவை, ஏற்கெனவே குற்றவுணர்வில் மூழ்கியிருப்பவரின் தலையை இன்னும் அழுத்துகின்றன. ‘என்கிட்ட சொன்னியே, அதுவே பெரிசு. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். இடைவெளி நீளும். அதை நிரப்பப் பேச வேண்டாம். எப்போது, எப்படி என்று திட்டம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இது தனியாள் தாங்கும் சுமை இல்லை.

இதற்குப் படிப்பு வேண்டாமா என்ற தயக்கம் வரும். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். ஆலோசனை தருவது தன் வேலை என்றுதான் நினைத்திருந்தார். உதவிக்கு வந்த தொண்டர்கள், காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பலர் அந்தப் பேச்சிலேயே தெளிந்து, அவரைப் பார்க்காமலே திரும்பினார்கள். அடுத்த ஆண்டே கேட்கும் வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் அப்படிப்பட்ட எண்கள் இருக்கின்றன: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள எண்ணை இப்போதே அலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடும் தெம்பு இருக்காது.

மருத்துவத்தைப் பற்றிச் சில உண்மைகள். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் மருந்திலேயே முழு நலம் பெறுவோர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் மூன்றாவது வாரத்தில் ‘எனக்கு மருந்தும் கேட்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு வரலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘மாத்திரைக்கு அடிமையாயிட்டான்’ என்ற பேச்சு. படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இளவயதினர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. மருந்து தொடங்கும் வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் அறிவித்தது, 2007-ல் அதை 24 வயது வரை விரித்தது. மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த வாரங்களில் கூடவே இருங்கள் என்று பொருள். அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாள்களும் முன்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு.

ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை, மனம் சொல்வதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. எனக்கு அதைவிட உதவியது இன்னும் எளிமையான ஒன்று. மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், மிகச் சிறிய வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்வது. வாசல்வரை நடப்பது. ஒரு பாத்திரத்தைக் கழுவுவது. ஆர்வம் முன்னால் வரும், செயல் பின்னால் வரும் என்றுதான் இயல்பாக நினைக்கிறோம். இந்த நோயில் வரிசை தலைகீழ். செயல் முன்னால் போனால் ஆர்வம் எப்போதாவது பின்னால் வந்து சேரும். முதல்முறை மீண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் மறுபடியும் வருகிறது. அதனால் நலமான பிறகும் மாதக்கணக்கில் மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். மறுபடி வந்தால் அது தோல்வி இல்லை. ஆஸ்துமாக்காரருக்கு மறுபடி மூச்சு இழுத்தால் யாரும் அவரைக் கோழை என்பதில்லை.

சட்டமும் செய்தியும்

இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி குற்றம். இலங்கை 1998-லும், சிங்கப்பூர் 2020-லும், மலேசியா 2023-லும் அதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கின. முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகக் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது இந்தியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது குற்றமாகவே இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்களை அந்தச் சட்டம்தான் உருவாக்குகிறது.

செய்தி எழுதும் விதமும் உயிரைத் தொடுகிறது. 1980-களில் வியன்னாவில் ஒரு குறிப்பிட்ட வகைத் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்தன. 1987-ல் நிபுணர்கள் நெறிமுறை ஒன்றைக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. சில மாதங்களிலேயே அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. நெருக்கடியைத் தாண்டிவந்தவர்களின் கதைகளுக்குப் பரபரப்புச் செய்திகளுக்கு நேரெதிரான, உயிரைக் காக்கும் விளைவு இருக்கக்கூடும் என்று 2010-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்களே கண்டார்கள். இப்போது நாம் ஒவ்வொருவரும் கையில் ஒரு பத்திரிகை வைத்திருக்கிறோம். இறந்தவரின் கடைசிக் கடிதத்தையும் படத்தையும் மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். அதைத் திறக்கப்போகிறவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் ஓர் எளிய சோதனையைத் தொடங்கினார். மனச்சோர்வுக்காகவோ தற்கொலை எண்ணத்துக்காகவோ மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போன பின், தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியினருக்கு ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது சின்னக் கடிதங்கள் போயின. நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலம் ஆகிறது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எங்களுக்கு மகிழ்ச்சி. அவ்வளவுதான். சிகிச்சைக்கு வா என்றோ மருந்து சாப்பிடுகிறாயா என்றோ கேட்கவில்லை. கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது.

என் மோசமான மாதங்களில் ஒரு தோழி வாரம் ஒருமுறை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ‘இன்னைக்கு மழை. உன்னை நினைச்சேன். பதில் போட வேண்டாம்.’ நான் ஒன்றுக்குக்கூடப் பதில் போட்டதில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.